தாய்மாமன் பெயரில் ஒரு நேர்த்தி

நோபல் பார்க்,
6 மே 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் இங்கு நல்ல சுகம். நீங்களும் யோகா மச்சாளும் சுகமாயிருக்க முருகன் துணை. உங்கள் முழங்கால் எப்படி? காது மெஷினுக்குப் புது பற்றரி போட்டீர்களா, இல்லை இன்னும் மச்சாள் கத்தக் கத்தத் தலையாட்டிக்கொண்டிருக்கிறீர்களா?

தொலைபேசியில் சொன்னால் "என்ன? என்ன?" என்பீர்கள். முப்பது வருடம் தபால் தரம் பிரித்தவனுக்குக் கடிதம்தான் மரியாதை என்றும் சொல்வீர்கள். அதனால் எழுதுகிறேன். தவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்!

நேற்றுக் காலை அமெரிக்காவிலிருந்து எடுத்தான். "அம்மா, கூப்பிட்டிட்டாங்கள். நாளைக்கு மேஜர் லீக் அணியோடை நிப்பன்" என்றான். பதினொரு வருடம், அண்ணை! இருபது வயதில் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுப் பேஸ்போல் என்று போன பிள்ளைக்கு இப்போது முப்பத்தொன்று. சின்ன ஊர்களின் அணிகளில், பஸ்ஸில் நித்திரை கொண்டு, பாணைத் தின்று, ஒவ்வொரு வருடமும் "அடுத்த முறை, அம்மா" என்று சொன்னவன். பெரிய அணியின் முதல் கேட்சருக்குப் பெருவிரல் வீங்கிவிட்டதாம். இரண்டாவது ஆள் முதல் ஆளாகிவிட, தவன் இப்போது இரண்டாவது ஆள். கேட்சர் என்றால் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி. மச்சாளுக்கு விளங்காவிட்டால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தடியால் பந்தடித்து ஓடி விளையாடிய எல்லேயை நினைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கோபிக்கக் கூடாது. தைப்பூசத்துக்கு உங்களிடம் வந்தபோது முருகன் கோயிலில் வெகுநேரம் கண்ணை மூடி நின்றேனே, அப்போது நேர்ந்துவிட்டேன். "முருகா, என்ர பிள்ளை ஒருக்காவெண்டாலும் அந்தப் பெரிய அணியிலை இறங்கி விளையாடவேணும். விளையாடினால் அவன்ர தாய்மாமன் உனக்குப் பிரதட்டை செய்வார்." தகப்பன் இல்லாத பிள்ளைக்கு நீங்கள்தானே எல்லாம்? கோயிலைச் சுற்றி உருளத்தானே வேண்டும், பறக்கவா சொன்னேன்?

எனக்குக் கால் கொஞ்சம் உளைவு. குளிர் தொடங்கிவிட்டது, வேறொன்றுமில்லை.

அன்புத் தங்கை,
நாகேஸ்வரி


மெரிலேண்ட்ஸ்,
11 மே 2024

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள் பல. உன் கடிதம் வரும்வரை இவ்விடம் எல்லோரும் சுகம்.

ஊரில் வேள்விக்கு ஆட்டை நேர்வார்கள். ஆட்டைக் கேட்டுவிட்டா நேர்கிறார்கள்? நான் இப்போது அந்த ஆட்டின் நிலையில் இருக்கிறேன். என் முழங்காலுக்குள் டொக்டர் வைத்த இரும்பு இருக்கிறது. உருளுவது பெரிய காரியமில்லை, கீழே படுத்தவன் எழும்புவதுதான் காரியம். ஒரு பிரதட்டைக்கே தூக்கிவிட ஆள் வேண்டும். இரண்டாவதென்றால் கோயிலிலேயே எனக்குப் பாய் போடவேண்டியதுதான்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது யோகா அழுதாள். நானும் அழுதேன் என்று எழுதினால் நீ மெல்பேர்ன் முழுக்கச் சொல்வாய், ஆகவே எழுதவில்லை. மளிகைக் கடையில் நின்ற ஆட்களுக்கெல்லாம் நானே சொன்னேன். "எந்த ரீம்? சொப்ட்போலோ அங்கிள்?" என்று ஒருவன் கேட்டான். அவனோடு இனிக் கதை இல்லை.

நிற்க. கால் உளைவு என்று எழுதியிருக்கிறாய். எந்தக் கால்? குளிர் இங்கேயும்தான் இருக்கிறது. எங்களுக்கு ஒரு காலில் மட்டும் குளிர்வதில்லை.

அவன் இறங்கி விளையாடியதும் எழுது.

உன் அண்ணன்,
வரதராஜா


நோபல் பார்க்,
15 மே 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நலம். உங்கள் நலம் கடிதத்தின் கோபத்திலேயே தெரிந்தது.

இரண்டாவது பிரதட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்றுதானே நேர்ந்தேன்? மற்றது எது?

பத்து நாளாகிவிட்டது, தவன் இன்னும் இறங்கவில்லை. அங்கே இரவு ஆட்டம் என்றால் இங்கே காலை ஒன்பது மணி. பக்கத்து வீட்டு மிருணாளினி தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்து ரீவியில் போட்டுத் தருகிறாள். நேர்ஸ் வேலை செய்கிற பிள்ளை, தங்கமான பிள்ளை. மைதானத்தின் மூலையில் கம்பி வேலிக்குப் பின்னால் தவன் குந்தியிருக்கிறான். அடுத்துப் பந்து வீச வரப்போகிறவன் கையைச் சூடாக்குவதற்காக வீசும் பந்தைப் பிடித்துக் கொடுக்கிறான். எண்பது பந்து, தொண்ணூறு பந்து. பிறகு அந்த ஆள் கைதட்டலோடு மைதானத்துக்குள் ஓடுவான். இவன் ஓரத்து நீள வாங்கில் போய் இருப்பான். கமெரா அவனை இரண்டு முறை காட்டியது. இரண்டு முறையும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மற்றவன் பெயருக்குக் கை தட்டுகிறான், அண்ணை, பல்லெல்லாம் தெரிய. எனக்குத்தான் வயிறு எரிகிறது.

பெருவிரல்காரனுக்கு வீக்கம் வற்றுகிறதாம். அந்தப் பிள்ளைக்கும் தாய் இருப்பாள், ஆறவேண்டாம் என்று எப்படி நினைப்பது? கொஞ்சம் மெதுவாக ஆறட்டும் என்று மட்டும் கேட்டேன்.

கால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கு நல்ல மழை.

அன்புத் தங்கை,
நாகேஸ்வரி


நோபல் பார்க்,
20 மே 2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். விளையாடிவிட்டான்!

சனிக்கிழமை பதினொன்றே கால். இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். அவன் அணி பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றுக்கொண்டிருந்தது. இனி வெல்ல வழியில்லை என்று முதல் ஆளை வெளியே எடுத்துவிட்டார்கள். மிருணாளினி "அன்ரி, ஓடி வாங்கோ" என்று கத்தினாள். பெயர் முழுதாக வந்தது, அண்ணை. அருந்தவன் மகாதேவன். அவன் தகப்பனின் பெயரும் சேர்ந்து அமெரிக்க ரீவியில். அவர் போய் எட்டு வருடம், நான் பெரிதாக அழுதுவிட்டேன்.

முகக்கூட்டைப் போட்டுக் குந்தினான். ஒரு பந்துகூடத் தவறவில்லை. ஒன்று நிலத்தில் குத்தி எகிறியது, நெஞ்சைக் கொடுத்து மறித்தான். பிறகு அடிக்க வந்தான். மூன்றாவது பந்தை அடித்தான் பாருங்கள், அது உயரப் போனது. நான் எழும்பி நின்றுவிட்டேன். வேலியோரம் ஓடிய ஒருவன் கையில் போய் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. எல்லாமாக இருபத்தாறு நிமிடம். இடியப்பப் பானை தண்ணீர் வற்றி அடி கரிந்து கிடந்தது.

மறுநாள் பெருவிரல்காரன் வந்துவிட்டான். தவனைத் திரும்பக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

நான் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, அண்ணை. "ஒருக்காவெண்டாலும்" என்று கேட்டேன். முருகன் சொல்லுத் தவறாமல் ஒருக்காவோடு நிறுத்திவிட்டான். கடையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறவள், பெற்ற பிள்ளைக்கு வாய் நிறையக் கேட்கத் தெரியாமல் நின்றேனே. பத்து வருடம் விளையாட வேண்டும் என்று கேட்டிருந்தால் என்ன? அவனுடைய பதினொரு வருடத்தை நான்தான் இருபத்தாறு நிமிடமாக்கிவிட்டேன். அவனுக்கு இதைச் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

உடனே பதில் போடுங்கள்.

நாகேஸ்


நோபல் பார்க்,
1 ஜூலை 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆறு கிழமையாக அறிய ஆவல்.

என்ன நடந்தது? பிரதட்டைக்குப் பயந்து ஒளித்துவிட்டீர்களா? மச்சாளுக்கு ஃபோன் எடுத்தால் "அவர் நல்லா இருக்கிறார், எழுதுவார்" என்று அவசரமாக வைக்கிறா. என்னில் கோபமென்றால் இரண்டு ஏச்சு ஏசி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பிழை செய்தவள் நான்தானே.

தவன் கீழ் அணியில் விளையாடுகிறான். ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து "அம்மா, சாப்பிட்டீங்களோ? வீட்டை சுத்திக் காட்டுங்கோ பாப்பம்" என்று கேட்பான். நான் கதிரையிலிருந்தே கதைத்துவிட்டு வைத்துவிடுவேன்.

அன்புத் தங்கை,
நாகேஸ்வரி


மெரிலேண்ட்ஸ்,
9 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். நானும் யோகாவும் சுகம். எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூட, அது என் குணத்துக்கு ஏற்றதுதான் என்று டொக்டர் சொன்னார்.

தபால் பிந்திவிட்டது என்று பொய் எழுத மாட்டேன், அந்த வேலை செய்த கை. எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

உன் நேர்த்தியில் ஒரு பிழையும் இல்லை. நீ கேட்டது சரி, கேட்ட விதமும் சரி. இதற்குமேல் என்னை ஒன்றும் கேட்காதே. ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அண்ணன்,
வரதராஜா


நோபல் பார்க்,
26 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களுக்கும் மச்சாளுக்கும் சுகம் கிடைக்க வேண்டுகிறேன்.

எல்லாம் முடிந்தது. அடுத்த வருடத்துக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். "பரவாயில்லை அம்மா, எனக்குச் சந்தோசம்தான்" என்கிறான். எனக்கு அந்தச் சந்தோசத்தைக் கேட்கத்தான் தாங்கவில்லை. அடுத்த மாதம் எட்டாம் திகதி வந்து இறங்குகிறான். அவன் அறையைக் கூட்டித் துடைத்தாயிற்று. மிருணாளினி துடைத்தாள், நான் கதிரையிலிருந்து சொன்னேன்.

பிள்ளை வீட்டுக்கு வருகிறான் என்று மனம் துள்ளுகிறது. துள்ளும்போதே வெட்கமாயிருக்கிறது. வந்ததும் காலில் விழாத குறையாக உண்மையைச் சொல்லப் போகிறேன்.

நாகேஸ்


மெரிலேண்ட்ஸ்,
4 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். நீ அவனிடம் சொல்லுமுன் இது உன் கையில் கிடைக்கவேண்டும் என்று அதிவேகத் தபாலில் போடுகிறேன். வாழ்க்கையில் முதல் தடவை கூடக் காசு கட்டுகிறேன்.

மற்றப் பிரதட்டை எது என்று கேட்டாய். போன வருடம் ஓகஸ்ட் மாதம் மிருணாளினி யோகாவுக்கு ஃபோன் எடுத்தாள். நீ குசினியில் வழுக்கி விழுந்து நாலு மணித்தியாலம் நிலத்தில் கிடந்தாய் என்றும், இடுப்பெலும்பில் கீறல் என்றும், ஒருவருக்கும் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கினாய் என்றும் சொன்னாள். அந்தச் சத்தியத்தை அவள் எங்களிடமும் வாங்கினாள். எனக்கு நீ எழுதியது "கால் உளைவு". அவனுக்கு நீ சொன்னது "சின்ன வழுக்கல்" என்று அறிந்தேன்.

அடுத்த நாளே முருகன் கோயிலுக்குப் போனேன். "முருகா, அந்தப் பெடியன் விளையாடினது காணும். தாயிட்டைக் கொண்டுவந்து விடு. நான் உனக்குப் பிரதட்டை செய்யிறன்" என்று கேட்டேன். ஐந்து மாதம் கழித்து நீ அதே இடத்தில் நின்று மற்றதைக் கேட்டிருக்கிறாய். நீ அவனை ஏற்றிவிடச் சொன்னாய், நான் இறக்கிவிடச் சொன்னேன். உன் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் அங்கே நிலைக்கப் போவதில்லை என்று. நான் முந்திக் கேட்டவன்.

நீ "என் பிழை, என் பிழை" என்று எழுத எழுத என்னால் பேனை பிடிக்க முடியவில்லை. உன் பிழை இல்லை, நாகேஸ். பதினொரு வருடம் பாடுபட்ட பிள்ளையின் காலை வாரிவிட்டது மாமன். அவனிடம் அப்படியே சொல்.

வரதராஜா


நோபல் பார்க்,
20 அக்டோபர் 2024

அண்ணைக்கு,

சுகம். உங்களோடு கதைப்பதில்லை என்று இரண்டு கிழமை இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஓம், விழுந்தேன். ஃபோன் மேசையில் இருந்தது, எட்டவில்லை. எட்டியிருந்தாலும் தவனைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். கூப்பிட்டால் அடுத்த பிளேனில் வந்துவிடுவான், திரும்பிப் போக மாட்டான். நிலத்தில் கிடந்துகொண்டு அதைத்தான் யோசித்தேன். அவ்வளவு கஷ்டப்பட்டு மறைத்ததை நீங்கள் போய் முருகனிடம் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். கோள்சொல்லி!

ஆனால் அந்தப் பகுதியை மூன்று தரம் வாசித்தேன், அண்ணை. எனக்காக ஒருவர் கோயிலில் போய் நின்றிருக்கிறார். அவர் போனபிறகு அப்படி எனக்காகக் கேட்க ஆளில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று காலை தவனை இருத்தி உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். என் நேர்த்தியையும் சொன்னேன். எழும்பிப் போய்ப் பேனையும் கொப்பியும் எடுத்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவன் தமிழில் எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்குக் காட்டாமல் ஒட்டிவிட்டான்.

நாகேஸ்


நோபல் பார்க்,
20 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். நீங்களும் மாமியும் சுகமோ? என்ர தமிழிலை பிழை இருந்தால் சொறி.

அம்மாவுக்கு ஒரு பொய் சொன்னனான். என்னை அவங்கள் விடேல்லை. அடுத்த வருசமும் கீழ் அணியிலை நிக்கச் சொன்னவங்கள். நான்தான் காணும் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.

மாமா, கேட்சருக்குப் பந்து பிடிக்கிறது பாதி வேலைதான். பந்து வீசிறவனுக்குத் தோள் நோகும், ஆனால் சொல்லமாட்டான். சொன்னால் அவன்ர இடம் போயிடும். நாங்கள்தான் பாத்துக் கண்டுபிடிக்கவேணும். கை எவ்வளவு உயருது, எந்தக் காலிலை பாரம் குடுக்கிறான் எண்டு. நான் பதினொரு வருசம் அதைத்தான் செய்தனான். அம்மா முந்தி ஃபோனைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்க் கறிவேப்பிலை மரம் காட்டுவா. போன வருசம் ஓகஸ்டிலை இருந்து ஒரே கதிரை. தண்ணி எடுக்க எழும்பினால் மேசையைப் பிடிச்சுக்கொண்டு எழும்பிறா. எனக்கு முதல் கிழமையே தெரியும்.

தெரிஞ்சும் நான் வரேல்லை, மாமா. அதுதான் உண்மை. ஒருக்கா, ஒரேயொருக்கா மேலை விளையாடிப்போட்டு வருவம் எண்டு நிண்டன். நானும் "ஒருக்கா" எண்டுதான் கேட்டனான். என்னோடை அந்தக் கீழ் அணிகளிலை இருந்த கேட்சர்மார் நாப்பது பேர் இருக்கும். ரெண்டு பேருக்குத்தான் அந்த ஒருக்கா கிடைச்சது. அதிலை ஒராள் நான். அண்டைக்கு நான் அடிச்ச பந்து மேலை போகேக்கை இருந்த அந்த நாலு செக்கன் எனக்குக் காணும்.

அம்மாவும் நீங்களும் எனக்காகக் கேட்டிருக்கிறீங்கள் எண்டு எனக்கு இப்பதான் தெரியும். தேங்க்ஸ் மாமா. வேறை சொல் தெரியேல்லை.

பிரதட்டை ரெண்டெண்டால் ஒண்டு எனக்கு விடுங்கோ. என்ர முழங்காலும் போட்டுது, ஆனால் எழும்புவன். உங்களையும் எழுப்புவன்.

அன்புடன்,
தவன்


நோபல் பார்க்,
14 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். உங்கள் முதுகு எப்படி? மச்சாள் கட்டித் தந்த பயற்றம் பணியாரம் விமானத்திலேயே முடிந்தது.

கோயிலில் பக்கத்தில் நின்றவருக்கு என்ன கடிதம் என்று கேட்பீர்கள். காது மெஷின் விழுந்துவிடும் என்று கழற்றி மச்சாளிடம் கொடுத்துவிட்டுத்தானே பிரதட்டைக்குப் படுத்தீர்கள்? அன்று என்ன கதைத்தோம் என்று உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இரண்டாம் மூலையில் தலைசுற்றிக் கிடந்தபோது மச்சாள் "காணும், விடுங்கோ, மனுசன் போயிடும்" என்றா. தவன் விடவில்லை. உங்களுக்கு முன்னால் குந்திக் குந்திப் பின்னோக்கி நகர்ந்துகொண்டு, தலை தூணில் இடிக்காமல் இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "மாமா, இஞ்சாலை, இன்னும் ஒரு மூலை" என்று சொல்லிக்கொண்டே வந்தான். உங்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும் சொன்னான். நீங்கள் அவன் கையைப் பார்த்துத்தான் உருண்டீர்கள். நான் உங்கள் பின்னால் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிக்க வெளிக்கிட்டேன், அவன் பார்த்த பார்வையில் நடந்தே வந்தேன். கோயிலின் முழு வீதியும் ஒன்றையும் பிடிக்காமல் நடந்தேன், கவனித்தீர்களா?

பிறகு அவன் படுத்தான். என் பிள்ளை உருள்வதைப் பார்த்து நான் அழுதது வேறு அழுகை, அண்ணை. ரீவியின் முன்னால் அழுதது போல இல்லை.

இனி, உங்களுக்குக் கேட்காமல் போனதில் பெரியது. தொடங்குமுன் ஐயர் வந்து, "ஆருடைய நேர்த்தி? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்று கேட்டார். தவன் நெஞ்சில் கையை வைத்து "என்ர, ஐயா" என்றான். நான் "இல்லை ஐயா, என்ர" என்று என் நெஞ்சைத் தொட்டேன். ஐயர் முழுசிக்கொண்டு நின்றார். என்ன கேட்டார் என்றே தெரியாமல், எங்கள் இரண்டு பேரின் கையையும் பார்த்துவிட்டு, வெறும் மேலோடு நின்ற நீங்கள் நெஞ்சில் ஓங்கித் தட்டிக் கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னீர்கள்: "என்ர!"

அன்புத் தங்கை,
நாகேஸ்